மீண்டும் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா?

திருவாரூர் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்க் குழந்தை இராது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியை ஒலித்ததும், உண்மை அறிந்த மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் போற்றும் செய்திகள். இலங்கையின் மகாவம்சம் இதே நிகழ்ச்சியை எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்லுகிறது. பகைவனாகக் கருதிய ஒரு தமிழ் மன்னனின் நீதியை அந்நூல் மறைக்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் மன்னனின் நீதியில் மனத்தைப் பறிகொடுத்து, மணியை மறந்துவிடுகிறோம். பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அல்லவா அது தொங்கியது! அந்த மணி அங்கு இல்லாதிருந்தால், அல்லது நின்றோரின் கைக்கு மட்டும் எட்டுவதாக இருந்திருந்தால், மன்னனின் நீதி உறங்கியிருக்கும். பசு தெருவில் கதறி ஓய்ந்திருக்கும்.

கதையை விட்டுப் பெங்களூருக்கு வருவோம். அல்சூர் ஏரிக்கு அண்மையில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்தில், மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. நல்ல சாதி நாய்; விலை கொடுத்து வாங்கியது. குட்டியாக இருந்தபோது அவ்வீட்டுப் பிள்ளைகள் அதனைக் கீழே கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினர். வளர்ந்தபின் அது பால்கனிக்குப் போயிற்று. காலையில் குரைக்கும், நண்பகலில் முனகும், மாலையில் அதுவும் இராது. முழ நீளச் சங்கிலி. வேனிலில் அங்கு வெயில் நேராக விழும். ஈராண்டுகள் நாம் அதனைக் கேட்டுக்கொண்டே நம் வீட்டில் காப்பி அருந்தினோம். அந்நாயின் வாய்க்கு எட்டும் மணி எதுவும் இந்நகரில் இல்லை.

ஓர் உயிரைக் கொடுமை செய்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒருவரிடம் மீண்டும் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா? ஒப்படைக்கலாகாது என்றால், அவர் இன்னார் என்பதை யார் யார் அறிந்திருக்க வேண்டும்? இவ்விரு வினாக்களையும் உலகில் பல நாடுகள் இன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. நாமும் கேட்கவேண்டியிருக்கிறது. ஏனெனில் முதல் வினாவுக்கு இந்நாட்டுச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. அவ்விடை எழுதப்படக் காரணமாயிருந்தவரும் மதுரையில் பிறந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணியே.

ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்திற்காகவும் கலாக்ஷேத்திரத்திற்காகவும் நாம் நினைவுகூர்கிறோம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவர், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளிக்கவே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வுறுதியின் பயனே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டப்படி 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்து, பின்னர் அரியானாவின் பல்லப்கருக்கு மாறிற்று.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவை வாசிப்போர் வியப்படைவர். அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு, குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அங்கே குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடமாடவிடாத உடைமையாளரும் குற்றவாளியே. நம் மூன்றாம் மாடி நாயை நேரில் கண்டு எழுதியதுபோல் இருக்கிறது அந்த வரி! ஆனால் தண்டனை என்ன? முதற்குற்றத்திற்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். மூன்றாண்டுகளுக்குள் மறுமுறை செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் அந்த ஐம்பது ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று பெங்களூரில் நல்ல மசால் தோசை ஒன்றுக்கே அது போதாது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது; நாம் இதனை எழுதும்வரை அது சட்டமாகவில்லை.

வேறு சட்டம் இல்லையோ எனில், உண்டு. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறை விதிக்கலாம். அப்பிரிவு எந்த இயலில் அமர்ந்திருக்கிறது என்பதைத்தான் நோக்கவேண்டும். உடைமைக்கு எதிரான குற்றங்களோடு, சேதம் விளைவித்தல் என்ற வகையில் அது வைக்கப்பட்டுள்ளது. உயிர் துடித்தால் ஐம்பது ரூபாய். உடைமை சேதமானால் ஐந்தாண்டு. நம் சட்டங்களுக்குள்ளே விலங்கு என்பது உயிரா, பொருளா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை என்றே தோன்றுகிறது.

அபராதத்தை உயர்த்தவேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனை இங்கு வளர்த்துச் சொல்லத் தேவையில்லை. நாம் பேச விரும்புவது எவரும் அதிகம் பேசாத 29ஆம் பிரிவைப் பற்றி. கொடுமைப்பட்ட விலங்கை உடைமையாளரிடமிருந்து நீதிமன்றம் பறித்து அரசிடம் சேர்ப்பிக்கலாம் என்கிறது அது. அதற்கும் மேலே சென்று, தண்டனை பெற்றவர் குறித்த காலம்வரையோ வாழ்நாள் முழுதுமோ எந்த விலங்கையும் தம் பொறுப்பில் வைத்திருத்தல் கூடாது என்று ஆணையிடலாம் என்றும் கூறுகிறது. மேலைநாட்டார் இன்று புதுமையாகப் பேசும் வளர்ப்புத் தடை, இந்தியச் சட்டப் புத்தகத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது!

கிடக்கிறது என்று நாம் சொன்னது வேண்டுமென்றே. ஏனெனில் அவ்வாணையைப் பிறப்பிக்க மூன்று பூட்டுகளைத் திறக்கவேண்டும். முந்தைய தண்டனையையோ, அவரது இயல்பையோ, விலங்கை அவர் நடத்திய முறையையோ காட்டி, இனியும் கொடுமை நேரக்கூடும் என்று மெய்ப்பிக்கவேண்டும், இது நியாயமே. இத்தகைய ஆணையைக் கேட்கப்போவதாக முறையீட்டிலேயே முன்கூட்டி எழுதியிருக்கவேண்டும். சட்டம் அறியாதவர் இங்கேயே இடறுவர். குற்றம் நடந்த இடத்தில் அவ்வகை விலங்கை வளர்க்க உரிமம் கட்டாயமாக இருக்கவேண்டும்; உரிமம் வேண்டாத உயிர்களுக்கு இப்பாதுகாப்பு எட்டாது. இவற்றோடு, குற்றம் நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்ற வரம்பும் உண்டு. நாயோ மாடோ தானே வந்து முறையிடுவதில்லை. பக்கத்து வீட்டார் துணிவு பெறுவதற்குள் மூன்று மாதம் கழிந்துவிடும்.

இத்தனையும் கடந்து ஆணை பிறந்தாலும், அதனை யார் அறிவார்? இங்கே நீதிமன்றத்தில் தடைபெற்ற ஒருவர் மறுநாளே ஓசூர் சென்று ஒரு குட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினால், விற்பவர் எதைப் பார்த்து மறுப்பார்? ஆணை கோப்பில் உறங்கும். குட்டி பால்கனியில் ஏறும். எனவே தடை என்ற ஒன்று இருக்குமானால் அதற்கு ஒரு பதிவேடும் வேண்டும் என்று வாதிடுவோரின் கூற்றில் வலுவுண்டு.

தடையின் அறம் யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிலர் அதனைத் தண்டனை என்று கருதி, ஒரு குற்றத்திற்கு இரு தண்டனையா என்று கேட்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கோயில் உண்டியலில் கைவைத்த தருமகர்த்தாவிடம் மீண்டும் சாவியைக் கொடாமல் இருப்பது அவரை வருத்துவதற்கன்று. அடுத்த உண்டியலைக் காப்பதற்கு. விலங்கு வளர்த்தல் என்பது வெறும் உடைமை உரிமை என்றால் அதனைப் பறித்தல் தண்டனையாகும். வாயற்ற ஓர் உயிரைக் காக்க ஏற்ற பொறுப்பு என்றால், பொறுப்புக்குத் தகாதவரிடமிருந்து அதனை விலக்கிவைப்பது காவலேயாகும். திருக்குறளின் வெருவந்த செய்யாமை அதிகாரம் தொடங்குமிடத்திலேயே, வேந்தன் ஒறுப்பது குற்றம் மீண்டும் நிகழாதிருத்தற்கே என்ற கருத்து நிற்கிறது. கடந்ததற்குப் பழிவாங்குவதைவிட வருவதைக் காப்பதில் கண்வைத்த நீதி அது. இறந்த நாய்க்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இன்னும் வாங்கப்படாத நாய்க்குச் செய்யலாம்.

மனிதர் திருந்தமாட்டாரா எனில், திருந்துவர். அதற்கும் 29ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. ஆணையிட்ட நீதிமன்றமே அதனைப் பின்னர் நீக்கவோ மாற்றவோ செய்யலாம். சட்டம் எழுதியோர் மனித இயல்பை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பினாமி வித்தையைத்தான் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைபெற்றவர் விலங்கை உடைமையாக வைத்திருப்பதை மட்டுமின்றி, அதனை வளர்ப்பதில் பங்குகொள்வதையும் விலக்குகிறது. மனைவி பெயரில் வாங்கினேன் என்ற விடைக்கு அங்கே இடமில்லை.

இனிப் பெயரைப் பறைசாற்றுதல் என்ற வினாவுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம் 2010இல் விலங்குகளை வதைத்துத் தண்டனை பெற்றோர்க்கான பதிவேட்டை முதன்முதலாகச் சட்டமாக்கியது. டென்னசி மாநிலம் 2016 ஜனவரி முதல், மாநிலம் முழுமைக்கும் அத்தகைய பட்டியலை நிழற்படத்தோடு வெளியிடுகிறது. முதற்குற்றத்திற்கு ஈராண்டும், மறுமுறை ஐந்தாண்டும் பெயர் அதில் இருக்கும். ஃபுளோரிடா 2025இல் அவ்வழியே ஒரு சட்டம் இயற்றியது. எவரும் பார்க்கலாம், எவரும் பேசலாம். நியூயார்க் மாநகரமோ 2014இல் வேறு வழி கண்டது. அங்கே பதிவேடு காவலர்க்கும், விலங்குகளை விற்கும் கடைகளுக்கும், தத்துக்கொடுக்கும் காப்பகங்களுக்கும் மட்டுமே திறக்கும். பட்டியலில் உள்ளவர்க்கு விலங்கைக் கொடுத்தல் கூடாது. தெருவோர்க்கு அது ஊர்ப்பேச்சும் ஆகாது.

இவ்விரண்டில் எதனை நாம் விரும்பவேண்டும்? தமிழராகிய நாம் பட்டியல்களைப் பற்றிச் சிறிது அறிவோம். 1871இல் வெள்ளையராட்சி கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் சூழ்ந்தது. ஊர் ஊராகப் பெயரெழுதி, கைரேகை வாங்கினர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் அதனை மறுத்து நின்ற மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேர் மாண்டனர், அவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு. ரேகைச் சட்டம் என்று கிராமத்தார் சொன்ன அக்கொடுமை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கிற்று. கொழும்பில் 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கூட்டத்தை நினைவுகூர்வோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். எழுதியவர் ஒரு நோக்கத்திற்கு எழுதினர். ஏந்தியவர் வேறு நோக்கத்திற்கு ஏந்தினர்.

இவற்றையும் விலங்குகளை வதைத்தோர் பட்டியலையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. அங்கே பிறப்பால் பெயரெழுதினர்; இங்கே செய்த செயலுக்காக, விசாரித்து, தீர்ப்பளித்தபின் எழுதுகின்றனர். வேறுபாடு பெரிது. ஆயினும் ஒன்று பொது. பட்டியல் தெருவுக்கு வந்தபின், அதனை என்ன செய்வதென்று தீர்மானிப்பது எழுதிய கை அன்று.

இதனை நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு தெருநாயின்மேல் எவரோ வெந்நீரை ஊற்றிவிட்டனர். முதுகுத் தோல் உரிந்து அது திரிந்த காட்சியை இங்கு எழுத விரும்பவில்லை. தெரு கொதித்தது, கொதித்தவர்களில் நாமும் ஒருவர். மறுநாள் மாலைக்குள், முனையிலிருந்த உணவுவிடுதியில் பாத்திரம் கழுவிய பையன் ஒருவனின் படமும் பெயரும் எல்லோர் கைப்பேசிகளிலும் வந்தன. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், பதினெட்டு வயதிருக்கலாம். அவன்தான் ஊற்றினான் என்று கண்டவர் எவருமில்லை. விடுதியின் பின்புறம் நாய் கிடந்தது என்பதே சான்று. அந்தப் படத்தை நாமும் நால்வர்க்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் அவன் ஊரைவிட்டே போய்விட்டான். முறையீடு எதுவும் எழுதப்படவில்லை, வழக்கும் இல்லை, உண்மையும் தெரியவில்லை. நாய்க்கு மருந்து போட்டவர், அதே விடுதியில் வேலைசெய்த மற்றொருவர்.

அந்நாள்களிலும் மூன்றாம் மாடியில் சங்கிலி அசைந்துகொண்டுதான் இருந்தது. அவ்வீட்டாரின் படத்தை எவரும் அனுப்பவில்லை. அவர் மதிப்பிற்குரியவர்; பொங்கல் விழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருபவர்; நம்மோடு இனிமையாகப் பேசுபவர்.

2016ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கிறோம். அவ்வாண்டு இந்நகரில் ஒரு பெண் எட்டு நாய்க்குட்டிகளைக் கொன்ற செய்தி வந்தது. ஜூலையில் சென்னைப் புறநகரில் மருத்துவ மாணவர் ஒருவர் மாடியிலிருந்து நாயொன்றை வீசி எறிய, மற்றொருவர் அதனைப் படம்பிடித்தார். அந்நாய் பிழைத்தது, பத்ரா என்று அதற்குப் பெயரிட்டனர். நாடு முழுதும் சினந்தது. அச்சினம் நியாயமானது. ஆனால் சட்டம் கையில் வைத்திருந்த அபராதம் சில பத்து ரூபாய்கள் என்று அறிந்தபோது, சினம் வேறு வழி தேடிற்று. நீதிமன்றம் வலுவற்றிருக்கும் இடத்தில் தெரு நீதிபதியாகிறது. தெரு நீதிபதியோ, வெந்நீர் ஊற்றியவனுக்கும் பாத்திரம் கழுவியவனுக்கும் வேறுபாடு காணப் பொறுமையற்றவன்.

ஆகவே நாம் வேண்டுவது பதிவேடே. தெருவில் ஒட்டும் பதிவேடு அன்று. இந்நாடு இதற்கு முன்மாதிரியும் கண்டிருக்கிறது. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தொகுப்பு 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோது, அதனைக் காவல் முதலிய அரசு அமைப்புகள் மட்டுமே காணலாம் என்று வகுத்தனர். மனிதர்மேல் இழைத்த அத்தகைய கொடுமைக்கே அந்த வரம்பு போதும் எனக் கண்டவர்கள், விலங்கின் பொருட்டு அதனைத் தாண்டவேண்டியதில்லை. அதே 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள், அத்தகைய கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவுசெய்யவேண்டும் என்கின்றன. குட்டியைக் கைம்மாற்றுமுன், வாங்குபவர்மேல் தடையாணை உண்டா என்று வாரியத்தைக் கேட்கும் கடமையையும் அக்கடைகள்மேல் வைத்தால் என்ன? ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல் விடை போதும். கடைக்காரர்க்கும் கதை தெரியவேண்டியதில்லை. காலம் முடிந்ததும் பெயர் தானே நீங்கவேண்டும்.

இங்கும் ஒரு முள் உறுத்துகிறது. பாரவண்டி ஓட்டி ஒருவர் நோயுற்ற மாட்டை ஏற்றத்தில் அடித்ததற்காகத் தண்டனை பெறுகிறார் என்று கொள்வோம். அவர்மேல் தடை விழுந்தால் விழுவது அவரது அடுப்பின்மேல். அவர் அடித்தது கொடுமை. ஆனால் அந்த அடிக்குப் பின்னால் வண்டியில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வணிகரும் இருக்கிறார். 11ஆம் பிரிவு உடைமையாளரை மட்டும் குறிக்கவில்லை. பாரம் ஏற்றியவரையும் குற்றவாளியாக்க அதில் இடமுண்டு. எனினும் சாலையில் நிற்பவர் வண்டிக்காரர்; கிடங்கில் இருப்பவர் வணிகர். கண்ணுக்குத் தெரிபவரே பட்டியலில் ஏறுவார் என்பதை நினைத்தால், பட்டியலின் மீதுள்ள நம் ஆர்வம் சற்றே தணிகிறது. பிழைப்புக்காக மாடு வைத்திருப்பவரையும் பொழுதுபோக்குக்காக நாய் வைத்திருப்பவரையும் ஒரே ஆணையால் அளக்காதிருக்கும் நுட்பம் நீதிபதிக்கு வேண்டும். குறித்த வகை விலங்குக்கு மட்டும், குறித்த காலத்திற்கு மட்டும் தடைவிதிக்கச் சட்டம் அவருக்கு இடமளித்துத்தான் இருக்கிறது.

மூன்றாம் மாடி நாய் சென்ற ஆண்டு வேனிலில் இறந்தது. ஈராண்டில் நாம் ஒரு முறையீடும் எழுதவில்லை. அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே எந்தப் பதிவேட்டிலும், திறந்ததிலும் மூடியதிலும், அவர் பெயர் இராது. சங்கிலி மட்டும் பல நாள் கம்பியில் தொங்கிற்று.

சில திங்கள் கழித்து, மின்தூக்கியில் அவரைச் சந்தித்தோம். வீடு வெறிச்சென்று இருப்பதாகச் சொன்னார். நல்ல குட்டி எங்கே கிடைக்கும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நாம் சற்றே தயங்கினோம். பின்னர், சிவாஜிநகர்ப் பக்கம் விசாரித்துப் பாருங்கள் என்றோம்.